யாத்திரையும் பந்தியும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்து ஒரு நோக்கு

தமிழ் இலக்கியம் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுடைமை அன்று. சமணரும் பௌத்தரும் காப்பியங்கள் தந்தனர். சைவரும் வைணவரும் பக்தி வெள்ளத்தைப் பாய்ச்சினர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் 1726-ஆம் ஆண்டில் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க பெருநூல், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1894-ஆம் ஆண்டு மே திங்களில் முதற்பதிப்பாக வெளிவந்த இந்நூல் 3766 பாடல்களால் ஆனது.

இத்துணைப் பெரிய நூல் நம்மிடையே பெயரளவில்தான் அறியப்பட்டுள்ளது. கிறித்தவ அன்பர்கள் அதன் நடை கடினம் என்று ஒதுக்கினர்; கிறித்தவர் அல்லாதார் அதன் பொருள் தமக்குரியதன்று என்று ஒதுக்கினர். இருவரும் இழந்தது ஒன்றே. சைவக் குடும்பத்தில் பிறந்து, தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்துவரும் நான் இந்நூலைச் சமயவாதியாக அன்றி, இலக்கிய மாணவனாகவே அணுகுகின்றேன். ஒரு வினாவை முன்வைத்து இந்நூலைப் பலமுறை படித்திருக்கின்றேன். மீட்படைந்த மனிதன் யாரோடு அமர்ந்து உண்கின்றான் என்பதே அவ்வினா.

வினா பிறந்த இடம்

இவ்வினா நூலகத்தில் பிறந்ததன்று. ஜொகூரில், ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்த காலத்தில் பிறந்தது. எங்கள் லயத்தில் கிறித்தவக் குடும்பங்கள் சில இருந்தன. கிறிஸ்துமஸ் நாளன்று பள்ளித் தோழன் ஒருவன் என்னைத் தங்கள் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றான். வழிபாட்டின் இறுதியில் பெரியவர்கள் எழுந்து முன்சென்று வரிசையாக முழந்தாளிட்டனர். தோட்டத்துக் கங்காணியும், அவர் தோளுக்குப் பக்கத்தில் கால்வாய் துப்புரவாக்கும் முதியவரும் இருந்தனர். போதகர் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்; ஒரே கிண்ணத்தை இருவர் உதட்டிலும் வைத்தார். பின்வரிசையில் நின்ற எனக்கு அது வியப்பாக இருந்தது. அவ்விருவரும் அருகருகே இருந்து எதையும் உண்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று நண்பகலில் தோட்டத்து மண்டபத்தில் விருந்து நடைபெற்றது. முதற்பந்தி எழுந்தபின் இரண்டாம் பந்தி அமர்ந்தது. கங்காணி முதற்பந்தியில் உண்டார். முதியவர் இரண்டாம் பந்தியிலும் இல்லை. பின்கட்டுப் படியில் அமர்ந்து இலையை மடியில் வைத்திருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. அழைக்கவும் இல்லை. காலையில் கண்டது மெய்யா, நண்பகலில் கண்டது மெய்யா என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இரட்சணிய யாத்திரிகத்தைப் படித்தபோதுதான் கேட்கத் தெரிந்தது.

நூலும் ஆசிரியரும்

கிருஷ்ணபிள்ளை 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, என்றி ஆல்பிரெட் கிருஷ்ணபிள்ளை ஆனார். இரட்சணிய மனோகரம், போற்றித் திருவகவல் முதலிய நூல்களையும் தந்து 1900-இல் மறைந்தார். அறிஞர் உலகம் அவரைக் கிறித்தவக் கம்பர் என்று போற்றுகின்றது.

அவருடைய காப்பியத்துக்கு மூலம், ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதை. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயம் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தவர். ஒருவன் தன் முதுகில் பாவச்சுமையுடன் அழிவு நகரத்தை விட்டு ஓடுகின்றான்; சிலுவையடியில் அவன் சுமை கழன்று விழுகின்றது; பல இடர்களைக் கடந்து வானகரை அடைகின்றான். இதுவே அக்கதையின் சுருக்கம். இதனை ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக வகுத்து, தமிழ்க் காப்பிய மரபுக்கு இயைய விரித்தார் கிருஷ்ணபிள்ளை.

மீட்பின் மொழி

அவர் செய்தது வெறும் மொழிபெயர்ப்பு அன்று என்பதற்குக் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலமே போதிய சான்று. பனியனின் கதையில் சிலுவை ஓர் அடையாளமாக நிற்கின்றது. இயேசுபிரானின் பாடுகள் அங்குக் கதையாக விரிக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ உருவகத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அப்பாடுகளைக் கண்முன் நிகழ்வனவாகப் பாடுகின்றார். கம்பனிடம் கற்ற அவலச்சுவை முழுவதும் அங்கே பயன்படுகின்றது.

அப்படலத்தில் ஓர் இடம் என் நெஞ்சை விட்டு நீங்காதது. பகைவர் இயேசுவைக் கயிற்றால் கட்டுகின்றனர். ஆற்றல் உடையவராயிருந்தும் அவர் எதிர்த்தாரில்லை. ஏன்? அவரைப் பிணித்து நிறுத்தியது பகைவரின் கயிறு அன்று. மாந்தர் அனைவர்மேலும் அவர் கொண்ட அன்பு என்னும் கட்டே என்று கவிஞர் கருதுகின்றார். பாசம் என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் பற்று என்றும் பொருள் உண்டு. சைவ சித்தாந்தம் பயின்றோர்க்குப் பாசம் உயிரைத் தளைப்படுத்தும் மலம், நீக்கப்பட வேண்டியது. கிருஷ்ணபிள்ளையின் காட்சியிலோ மீட்க வந்தவரே ஒரு பாசத்தால் கட்டுண்டு நிற்கின்றார். உயிர் கட்டிலிருந்து விடுபட, இறைவன் கட்டுக்குள் வருகின்றான். மீட்பு என்னும் கருத்தைத் தமிழில் இதனினும் செறிவாகச் சொன்ன இடத்தை நான் கண்டதில்லை.

இரட்சணியம் என்ற சொல் காத்தல் என்னும் பொருளுடைய வடசொல்லடியாகப் பிறந்தது. அடைக்கலம், அருள், அடிமைத்திறம் என்பன ஆழ்வார்களின் தமிழ் அவருக்குத் தந்த முதல். சமயம் மாறினார், தமிழ் மாறவில்லை. அதனால்தான் கிறித்தவர் அல்லாத ஒருவனும் இந்நூலின் மீட்பைத் தன் மொழியில் உணர முடிகின்றது. இது காப்பியத்தின் வெற்றி.

பந்தி என்னும் சொல்

மீட்பைக் கிறித்தவம் இரண்டு இடங்களில் வைக்கின்றது. ஒன்று சிலுவை, மற்றொன்று அதற்கு முந்திய இரவில் நிகழ்ந்த உணவு. அவ்வுணவின் நினைவாக நடைபெறும் சடங்கைக் கத்தோலிக்கர் நற்கருணை என்பர்; ஏனையோர் திருவிருந்து என்றும் இராப்போஜனம் என்றும் வழங்குவர். அப்பமும் இரசமும் மெய்யாகவே உடலும் குருதியும் ஆகின்றனவா, அவற்றோடு இறைவன் உடனிருக்கின்றானா, அவை நினைவின் சின்னங்களா என்று சபைகளுக்குள் பல நூற்றாண்டு வழக்கு உண்டு. அவ்வழக்கில் நுழைய எனக்குத் தகுதியில்லை. ஆயின், எல்லாச் சபையாரும் ஒப்புக்கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே உடலாகின்றனர் என்பது அது. இறைவனோடு கொள்ளும் ஐக்கியமும் உடனுண்போரோடு கொள்ளும் ஐக்கியமும் அங்கே பிரிக்க முடியாதவை.

தமிழ் விவிலியம் இவ்விடத்தில் பந்தி என்னும் சொல்லைக் கையாள்கின்றது. கிரேக்கமும் ஆங்கிலமும் அறியாத சுமை ஒன்று இத்தமிழ்ச் சொல்லுக்கு உண்டு. பந்தி என்றால் வரிசை. வரிசை என்றால் யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்ற கேள்வி. பந்தியில் வஞ்சனை செய்யாதே என்பது நம் பாட்டிமார் வாக்கு. பரிமாறும் கரண்டியில் காட்டப்படும் வேறுபாட்டை அவர்கள் பாவங்களுள் ஒன்றாக எண்ணினர். ஆனால் பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி அவ்வாக்கு பேசவில்லை.

இச்சிக்கல் தமிழர்க்கே உரியதென்று எண்ணவும் வேண்டா. கொரிந்து நகரத்துச் சபையில் செல்வர் முந்திவந்து வயிறார உண்டனர், ஏழையர் பசித்திருந்தனர். அப்படி உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று பவுல் அடிகள் கடிந்து எழுதினார். ஆகவே, பந்தி வஞ்சனை சடங்கின் ஓரத்தில் நேரும் சிறு குறை அன்று. சடங்கையே இல்லாததாக்கும் குற்றம் என்பது அச்சமயத்தின் தொடக்ககால முடிவு.

தமிழகத்தில் நிகழ்ந்தது என்ன? சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் வளர்ந்த சபைகளில், வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் ஒருபுறமும் அமரும் வழக்கம் நிலைத்துவிட்டது. கிண்ணம் முதலில் யாரிடம் செல்வது என்பதும் சாதியால் முடிவாயிற்று. 1820-களில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனரிமார் இவ்வழக்கத்தை மாற்ற முனைந்தபோது, எதிர்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெருங்கவிஞர் அவர். இன்றும் சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளைத் தந்தவர். சாதி உலகியல் ஒழுக்கம், அது விசுவாசத்துக்குத் தடையன்று என்பது அவர் பக்கத்து வாதம். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கைவிடப்பட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். அதனை ஏற்காது சபையை விட்டு விலகியோர் பலர்.

இவ்வரலாற்றைச் சொல்வது சாஸ்திரியாரின் புலமையைக் குறைப்பதற்காக அன்று. இறைவனின் எளிமையை உருகிப் பாடிய நாவும், பக்கத்தில் அமர்பவன் யார் என்று வினவிய நாவும் ஒன்றாயிருந்தன என்பதை மறைத்தால் இலக்கிய வரலாறு பொய்த்துவிடும்.

யாத்திரிகன் தனியனா?

இப்பின்னணியில் இரட்சணிய யாத்திரிகத்துக்கு வருவோம். காப்பியத்தின் உருவம் யாத்திரை. யாத்திரிகனுக்கு வழித்துணை வாய்ப்பதுண்டு. ஆயினும், சுமை அவனுடையது. சிலுவையடியில் கழல்வது அவன் முதுகிலிருந்து. வாயிலில் ஏற்கப்படுபவனும் அவனே. ஊரை விட்டவன் ஊருக்கு மீள்வதில்லை. மீட்பின் தனிமையை இவ்வுருவம் முழுமையாகக் காட்டுகின்றது; மீட்கப்பட்டோரின் கூட்டத்தைக் காட்ட இவ்வுருவத்தில் இடம் குறைவு. காப்பியத்தைப் பற்றி நான் கூறும் முதன்மையான குறை இதுவே.

பனியன் இக்குறையைத் தாமே உணர்ந்தவர்போல் தோன்றுகின்றது. 1684-இல் அவர் தம் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதினார். அதில் யாத்திரிகனின் மனைவி தன் மக்களோடும் தோழியோடும் புறப்படுகின்றாள். வழியில் நொண்டியும் நலிந்தோரும் சேர்ந்துகொள்கின்றனர். நடையால் மெலிந்தவர்க்காகக் கூட்டமே மெல்ல நடக்கின்றது. முதற்பாகத்திலும் அழகு மாளிகையில் யாத்திரிகன் அமர்ந்து உண்ணும் இராவுணவு ஒன்று உண்டு. அதனைத் திருவிருந்தின் உருவகமாகக் கொள்வோர் பலர். இன்னொன்றும் அறியத்தக்கது. கதை வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1673-இல், பனியன் ஒரு சிறுநூல் எழுதினார். திருமுழுக்கு எம்முறையில் பெறப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபடுவோரைத் திருவிருந்தினின்றும் விலக்கலாகாது என்பது அதன் வாதம். பலர் சினந்தபோதும் அவர் தம் நிலையினின்று அசையவில்லை. யாத்திரையைப் பாடிய அக்கைவினைஞர் பந்திக்காகவும் வாதாடியவர்.

கிருஷ்ணபிள்ளை தழுவியது முதற்பாகத்தை. ஆகவே தமிழுக்கு யாத்திரை வந்தது, கூட்டம் வரவில்லை. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நூல் வரும்போது எது வந்தது என்று மட்டும் பார்ப்பது போதாது. எது வராமல் நின்றது என்றும் பார்த்தல் வேண்டும்.

இது கிறித்தவக் கம்பரிடம் மட்டும் கண்ட குறை அன்று. கம்பரிடமே இதன் வேர் உண்டு. குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நிற்கின்றான். இராமன் அவற்றை அன்பினால் அமைந்தவை என்று பாராட்டுகின்றான், உண்டதற்கு ஒப்பாகும் என்கின்றான், உண்ணவில்லை. தவவிரதம் பூண்டவனுக்கு அது முறையே. குகன் உடன்பிறந்தான் ஆகின்றான். உலக இலக்கியத்தில் உயர்ந்த காட்சிகளுள் அது ஒன்று. பின்னர்ச் சவரியின் விருந்தையும் இராமன் ஏற்கின்றான். ஆயினும், விருந்தை ஏற்பது வேறு. ஒரே வரிசையில் இலையிட்டு அமர்வது வேறு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனோ நெருப்பில் மூழ்கித் தில்லையுள் நுழைகின்றான். அவன் நுழைந்தான், அவன் சேரி வெளியிலேயே நின்றது. தனி ஒருவனுக்கு வீடுபேறு தருவதில் நம் இலக்கியம் வள்ளன்மை உடையது. கூட்டத்துக்கு இடம் தருவதில் தயங்கியது.

தயங்காதவர்களும் அந்நூற்றாண்டில் இருந்தனர். திருநெல்வேலிக்குத் தெற்கே சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) சாதி பாராது ஒரே கிணற்றில் நீரெடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் செய்தார். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23-ஆம் நாள் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். பசித்த எவரும் அங்கு உண்ணலாம். சமயங்கள் வேறு, சடங்குகள் வேறு. ஆயின், உணவு இடும் இடத்தில்தான் அருள் சோதிக்கப்படும் என்ற தெளிவு ஒன்றே.

கவிஞர் பக்கத்து நியாயம்

குறையைச் சொன்னவன் கவிஞர் பக்கத்து நியாயத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். 1858-இல் உயர்குடியில் பிறந்த ஒருவர் சமயம் மாறினால் முதலில் இழப்பது எது? நிலம் அன்று, பெயர் அன்று, உறவினர் பந்தி. பிறந்த வீட்டில் இலை போடப்படாத நிலை அவருக்கு வரும். அந்நிலையை அறிந்து அடியெடுத்து வைத்தவருக்கு, ஊரை விட்டு ஒற்றையாய் ஓடும் பனியனின் மாந்தன் வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது. பந்தி இழந்தவனின் தனிமை இக்காப்பியத்தின் அடிநாதம். அதனை மறந்து, கூட்டம் ஏன் இல்லை என்று மட்டும் கேட்பது கல்நெஞ்சர் செயல்.

அன்றியும், கூட்டத்துக்கான வித்து நூலுள்ளேயே இருக்கின்றது. இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் கவிஞர் இசைப்பாடல்களை அமைத்தார். நடப்பவன் ஒருவனாயினும், பாட்டு பலர் வாயில் பொருந்துவது. இரட்சணிய சரிதப் படலத்தில் கண்ட அன்புக் கட்டும் அத்தகையதே. மீட்பவரைப் பிணித்தது தனி ஒருவன்மேல் கொண்ட அன்பன்று. மாந்தர் அனைவர்மேலும் கொண்டது. அனைவரையும் ஒருங்கே பிணித்த அக்கயிறு, மீட்கப்பட்டவர்களைத் தனித்தனி வரிசையில் அமர்த்துமா? கவிஞர் இவ்வினாவைத் தம் வாயால் கேட்கவில்லை. ஆனால் அவர் பாடியதை நேர்மையாகப் படிப்பவன் கேட்காமல் இருக்க முடியாது. பெருநூல்களின் இயல்பு இதுவே. ஆசிரியன் நிறுத்திய இடத்தில் அவை நிற்பதில்லை.

துணிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? இரட்சணிய யாத்திரிகம் மீட்பைப் பாடிய நூல்களுள் தலையாயது. பாடுகளைப் பாடிய பகுதியில் அது மூலநூலையும் விஞ்சுகின்றது. அதன் யாத்திரை உருவம் ஐக்கியத்துக்குப் போதிய இடம் தரவில்லை. அவ்விடம் வெறுமையாக நின்றதற்குக் கவிஞர் ஒருவர் மட்டும் பொறுப்பல்லர். அக்காலத் தமிழ்ச் சமுதாயம் அனைத்தும் பொறுப்பு. வழிபடும் நேரத்தில் ஒரே கிண்ணத்தை ஏற்றுக்கொண்டு, உண்ணும் நேரத்தில் வெவ்வேறு இலையைத் தேடும் வழக்கம் எச்சமயத்தார்க்கும் பொதுவான நோயாக இருந்தது.

இந்நூலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அணியும் சந்தமும் சொல்லி முடித்துவிடலாகாது. யாத்திரிகன் சென்று சேர்ந்தபின் யாரோடு அமர்ந்தான் என்ற வினாவையும் வகுப்பில் எழுப்புதல் வேண்டும். நூலில் விடை கிடைக்காவிடின், மாணவர் தம் ஊரைப் பார்த்து விடை எழுதட்டும்.

நான் வளர்ந்த தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயங்களும் சிற்றாலயமும் இன்று இல்லை. அங்கிருந்தோர் நகரப்புறங்களில் குடியேறிவிட்டனர். இன்று திருமண மண்டபங்களில் வட்ட மேசைகள் இடப்படுகின்றன. முதற்பந்தி, இரண்டாம் பந்தி என்ற பேச்சில்லை. ஆயினும், யார் எந்த மேசையில் அமர்கின்றனர் என்று கூர்ந்து நோக்குவோர்க்குப் பழைய வரிசை முழுதும் அழிந்துவிடவில்லை என்பது புலப்படும்.

அம்முதியவரின் பெயரை அன்று நான் கேட்டறியவில்லை. காலையில் அவர் முழந்தாளிட்ட இடம் மட்டும் நினைவில் நிற்கின்றது. கங்காணியின் தோளுக்கும் அவர் தோளுக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளியும் இல்லை. மீட்பு என்பது எதுவென்று என்னைக் கேட்டால், அக்காலைப்பொழுது நண்பகலிலும் நீடித்திருத்தலே மீட்பு என்பேன்.